மேசை டிராயரில் இருந்த அட்டை

அன்று காலை வார்டு ரவுண்ட்ஸ் போனபோது, நர்ஸ்கள் மேசையின் டிராயரில் ஒரு அட்டையைப் பார்த்தேன். வரிசையாக 22 பார்கோடு ஸ்டிக்கர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனாவால் எழுதிய படுக்கை எண். நோயாளிகளின் கைப்பட்டையில் இருக்கும் அதே பார்கோடுகளின் நகல். மருந்து கொடுக்கும் நேரத்தில் படுக்கைக்குப் போய்க் கையை ஸ்கேன் செய்வதற்குப் பதில், இந்த அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு மருந்தோடு கிளம்பியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சை டிக்.

எனக்குப் பதறிவிட்டது. சரியான மருந்து சரியான ஆளுக்குத்தான் போகிறதா என்று கடைசி நொடியில் பார்க்கத்தானே பார்கோடு? அட்டையை ஸ்கேன் செய்தால், பன்னிரண்டாம் படுக்கை அம்மாவின் இன்சுலின் பதின்மூன்றாம் படுக்கைக்குப் போனாலும் யாருக்கும் தெரியாது.

நர்சிங் சூப்பர்வைசராக நான் மெமோ கொடுத்திருக்கலாம். மேலிடமும் அதைத்தான் எதிர்பார்த்தது. "பழைய ஆட்கள், கம்ப்யூட்டர்னா பயம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். ஆனால் அந்த அட்டையைத் தயாரித்தவர் வார்டிலேயே வயதில் சின்னவர், போனில் எல்லா வேலையும் பார்க்கிற பெண். அதனால் மெமோவைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு நைட் டியூட்டி முழுக்க அவர்களோடு இருந்தேன்.

இரவு ஒன்பது மணி மருந்து. 22 நோயாளிகள், இரண்டு நர்ஸ்கள். லிஃப்ட் பக்கம் இருக்கும் கடைசி நாலு படுக்கைக்கு வைஃபை எட்டவில்லை. திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது. குளித்துக் குளித்துக் கைப்பட்டையில் மை அழிந்துபோய், ஸ்கேனர் மூன்று தடவை காட்டினாலும் படிக்கவில்லை. ஒரு தாத்தா போர்வைக்குள் கையை மடக்கித் தூங்குகிறார். எழுப்பினால் மகன் சண்டைக்கு வருகிறார்: "இப்பதான் கண்ணை மூடினாரு சிஸ்டர்." இவ்வளவுக்கும் பிறகு, அதே மருந்தைக் கேஸ் ஷீட்டிலும் கையால் எழுத வேண்டும். வேலையைக் குறைக்கும் என்று கொண்டுவந்த மெஷின் வேலையை இரட்டிப்பாக்கியிருந்தது.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். மருந்து தாமதமாகக் கொடுத்தவர்களின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்து, வாராவாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தன்னைக் காட்டிக்கொடுக்கிற கருவியை யார் மனசார எடுத்துப் பயன்படுத்துவார்கள்?

ஒருவர் புதிய தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார், ஏன் ஒதுக்குகிறார் என்பதை ஆராய்ந்தவர்கள் நிறைய பேர். 1989இல் ஃபிரெட் டேவிஸ் இரண்டு கேள்விகளை முன்வைத்தார். இது என் வேலைக்குப் பயன்படும் என்று நான் நம்புகிறேனா? இதைப் பயன்படுத்துவது எளிது என்று நினைக்கிறேனா? இந்த இரண்டில் பயன்தான் கூடுதல் கனம் என்று அவர் ஆய்வு காட்டியது. ஹாங்காங்கில் தொலைமருத்துவம் பற்றி மருத்துவர்களிடம் நடத்தி 1999இல் வெளிவந்த ஆய்விலும் எளிமைக்குப் பெரிய பங்கு இல்லை, பயனே முடிவு செய்தது. 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷ் குழுவினர் இவற்றோடு மேலும் இரண்டைச் சேர்த்தார்கள்: நாம் மதிக்கிறவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது, அப்புறம் நிர்வாகம் தரும் வசதியும் உதவியும். நான் பார்த்த வார்டில் இந்த நான்குமே ஆட்டம் கண்டிருந்தன. பயிற்சி வகுப்பு மட்டும் மூன்று முறை நடந்திருந்தது.

அமெரிக்க மருத்துவமனைகளில் பார்கோடு மருந்து முறையைக் கவனித்து 2008இல் வெளியான ஆய்வு, நர்ஸ்கள் கையாண்ட 15 வகைக் குறுக்குவழிகளையும், அவற்றுக்கான 31 காரணங்களையும் பதிவு செய்தது. நகல் பார்கோடு அதில் ஒன்று. படிக்க முடியாத கைப்பட்டை, தீர்ந்துபோன பேட்டரி, வைஃபை கிடைக்காத மூலை என்று காரணங்களும் அப்படியே நம் வார்டுதான். மருத்துவர்கள் மட்டும் விதிவிலக்கா? லாஸ் ஏஞ்சலஸின் சீடார்ஸ் சைனாய் மருத்துவமனை 2002இல் மருந்து உத்தரவுகளைக் கம்ப்யூட்டரில் பதியும் முறையைக் கொண்டுவந்தது. நேரம் தின்கிறது என்று நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் எதிர்த்ததால், சில மாதங்களிலேயே 2003 தொடக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். மருத்துவர்கள் கூட்டமாகச் சொன்னால் எதிர்ப்பு. நர்ஸ் அட்டை தயாரித்தால் ஒழுங்கீனம். இந்தப் பாகுபாடு எனக்கு இன்றும் வலிக்கிறது.

நாங்கள் முதலில் நோட்டீஸ் போர்டுப் பட்டியலை எடுத்தோம். கேஸ் ஷீட்டில் இரண்டாம் தடவை எழுதுவதை நிறுத்த மருத்துவர்களைச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம் ஆனது. அதுதான் இருந்ததிலேயே கஷ்டமான வேலை. மை அழியாத கைப்பட்டை வந்தது. ஜூனியர்கள் எதற்கெடுத்தாலும் போய்க் கேட்கிற மூத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். ஸ்கேனரை எந்தக் கையில் பிடித்தால் டிராலியைத் தள்ள வசதி என்பதுவரை அவரிடமே யோசனை கேட்டோம்.

ஒரு நாள் ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள் அட்மிட் ஆகியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியோடு படுக்கைக்குப் போன அந்தச் சின்னப் பெண்ணின் ஸ்கேனர் சிவப்பு காட்டியது. மருந்து அடுத்த அறை அம்மாவுக்கானது. அவள் ஊசியை டிரேயில் வைத்துவிட்டு, கை நடுங்க என்னைக் கூப்பிட்டாள். அட்டையைக் கிழித்துப் போட்டதும் அவள்தான், நான் சொல்லவில்லை.

லிஃப்ட் பக்கத்து நாலு படுக்கைக்கு இன்னும் வைஃபை சரியாக வரவில்லை. அங்கே மட்டும் இரண்டு பேராகப் போய், நோயாளியின் பெயரையும் எண்ணையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துக் கொடுக்கிறார்கள். ரூட்டர் கேட்டு மூன்றாவது கடிதம் போயிருக்கிறது.