எட்டு எங்கே போயிற்று?

வாசகர் ஒருவர் ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பி, "இது உண்மையா சார்?" என்று கேட்டிருந்தார். பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு, 690 என்றால் சீனத் தயாரிப்பு, பார்த்து வாங்குங்கள் என்கிற செய்தி. பழைய சரக்குதான், அவ்வப்போது தூசு தட்டி யாராவது அனுப்பிவிடுகிறார்கள்.

பாதி உண்மை. இந்த எண்களை வழங்குவது ஜிஎஸ்1 என்ற சர்வதேச அமைப்பு. அதன் இந்தியக் கிளையில் பதிந்துகொண்ட நிறுவனத்துக்கு 890, இலங்கையில் என்றால் 479, சீனாவில் 690 முதல் 699 வரை. எண்ணை எங்கே வாங்கினார்கள் என்பதை மட்டுமே அது சொல்லும். சீனாவில் செய்து வாங்கி இங்கே விற்கும் சென்னை நிறுவனம் தாராளமாக 890 போட்டுக்கொள்ளலாம். புத்தகங்களின் பார்கோடு 978 என்று தொடங்குமே, அது எந்த நாடு? புக்லேண்ட் என்று விளையாட்டாகப் பெயர் வைத்த, எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு!

கேள்விக்குப் பதில் முடிந்தது. ஆனால் 890 என்றதும் எனக்கு ஞாபகம் வருவது வேறு சங்கதி. ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கங்கள் கோடுகளுக்குக் கீழே ஆறு ஆறாக இருக்கும். முதல் 8 மட்டும் கோடுகளுக்கு வெளியே, இடது ஓரத்தில் தனியாக நிற்கும். அதற்கென்று ஒரு கோடுகூடக் கிடையாது. அப்புறம் கருவி அதை எப்படிப் படிக்கிறது?

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில் ஒரு சூயிங் கம் பாக்கெட்தான் முதன்முதலில் இப்படிக் கருவியில் காட்டி விற்கப்பட்டது. அந்த அமெரிக்க எண்ணுக்கு 12 இலக்கம். 1977இல் ஐரோப்பியர்கள் 13 இலக்கம் வேண்டும் என்றார்கள். ஆனால் பட்டையின் அகலம் கூடக் கூடாது, பழைய பாக்கெட்டுகளும் செல்ல வேண்டும்.

ஒவ்வொரு இலக்கமும் ஏழு மெல்லிய கீற்றுகள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. இடது பாதியில் ஒரு பூஜ்யத்தை இரண்டு விதமாக எழுதலாம். முதல் விதம்: மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு, ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. கறுப்பு மொத்தம் மூன்று, ஒற்றைப்படை. இரண்டாவது: ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு, இரண்டு வெள்ளை, மூன்று கறுப்பு. கறுப்பு நான்கு, இரட்டைப்படை. இரண்டுமே பூஜ்யம்தான். மற்ற ஒன்பது இலக்கங்களுக்கும் இப்படி இரண்டு உருவங்கள் உண்டு.

ஆறு பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள் என்று வையுங்கள். யார் வேட்டி, யார் பேண்ட் என்ற வரிசையிலேயே ஏழாவது எண்ணும் ஒளிந்திருக்கிறது. ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை என்று இடது பாதி அமைந்தால் முன்னால் 8 இருக்கிறது என்று அர்த்தம். ஆறுமே ஒற்றை என்றால் 0. அதுதான் பழைய அமெரிக்க முறை. ஆக, ஒரு கோட்டைக்கூட மாற்றாமல் அமெரிக்கப் பாக்கெட்டுகள் அத்தனையும் 0இல் தொடங்கும் 13 இலக்க எண்களாகிவிட்டன. இது புரிந்த அன்று அலமாரியில் இருந்த பாக்கெட்டுகளையெல்லாம் இறக்கி, லென்ஸ் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் சிரித்தார்கள்.

இன்னொன்று. வலது பாதியில் எப்போதும் இரட்டைப்படைதான். அந்த உருவங்களைப் பின்னாலிருந்து படித்தால் இடது பாதியின் இரட்டைப்படை உருவங்களாகவே தெரியும். பாக்கெட்டைத் தலைகீழாகக் காட்டினால் முதல் ஆறும் இரட்டையாக வரும். அப்படி ஒரு வரிசை எந்த எண்ணுக்கும் கொடுக்கப்படவில்லை; எல்லா வரிசையும் ஒற்றையில்தான் தொடங்கும். உடனே கருவி திருப்பிப் படித்துக்கொள்ளும்.

எட்டு சனி என்று சொல்லி, வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வராமல் இருக்கப் பணம் கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சமையலறை முழுக்க எட்டுகள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கடைசி இலக்கம் காவல்காரர். கோடு கசங்கிப்போனால் பில் போடும் பெண் எண்ணைக் கையால் தட்டுகிறார் அல்லவா, அங்கே அது வேலைசெய்யும். 890123456789 என்ற பன்னிரண்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக, இரண்டாவதிலிருந்து, மூன்றால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட 0 போதும்; எனவே பதின்மூன்றாவது இலக்கம் 0. ஒரே ஓர் இலக்கம் தப்பினால் நிச்சயம் மாட்டிக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து 1, 6 இடம் மாறினால் தப்பிவிடும், வித்தியாசம் 5 என்பதால். ஆதார் எண்ணின் கடைசி இலக்கத்தில் அந்த ஓட்டை இல்லை. அது 1969இல் டச்சுக்காரர் வெர்ஹோஃப் கண்டுபிடித்த வேறு கணக்கு.

பார்கோடு யோசனைக்கு உட்லண்ட், சில்வர் என்ற இருவர் 1952லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். கடைக்கு வர இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு காரணம், படிக்க நல்ல வெளிச்சம் இல்லை. அந்த வெளிச்சத்தைத் தந்த லேசர் பிறந்ததே 1960இல், அதுவும் மளிகைக் கடையை நினைத்து அல்ல. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டே ஆராய்ச்சி நிதியை வெட்டும் குழுக்களிடம் இதைச் சொல்ல ஆசை.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். அந்த 13 இலக்கத்தில் விலையும் இல்லை, காலாவதி தேதியும் இல்லை. விலை கடையின் கணினியில் இருக்கிறது. மருந்துக்கு அது போதாது. தொகுதி எண்ணும் காலாவதி தேதியும் அட்டையிலேயே வேண்டும். அதனால்தான் 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் இவற்றைச் சொல்லும் பார்கோடோ க்யூஆர் குறியோ கட்டாயம். எந்தெந்தத் தகவல் இருக்க வேண்டும் என்று விதியே பட்டியல் போட்டிருக்கிறது.

சூப்பர் மார்க்கெட்டில் வெண்டைக்காயை எடை போட்டு ஒட்டுகிறார்களே, அந்த லேபிள் 2இல் தொடங்கும். 2 என்பது கடைகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ள விட்ட இடம். நடுவில் கடையின் காய்கறி எண், அடுத்து எடை அல்லது விலை. என்னுடையதில் 00450 இருந்தது, 450 கிராம். அதே லேபிளை அடுத்த தெருக் கடையில் காட்டினால் கடலைப்பருப்பு என்று பில் வரலாம்.