மிஷனரி: அனுப்பப்பட்டவரா, பரப்புகிறவரா?

காய்ச்சல் என்றால் 'மிஷன் ஆஸ்பத்திரி'. பிள்ளையைச் சேர்க்க வேண்டுமென்றால் 'மிஷன் ஸ்கூல்'. இப்படி உரிமையோடு சொல்லுகிற அதே வாய், 'இதெல்லாம் மிஷனரி வேலை' என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும். வேர் ஒன்றுதான். மருந்துச் சீட்டில் வந்தால் நன்றி, அரசியல் பேச்சில் வந்தால் சந்தேகம்.

லத்தீனில் 'மித்தெரே' என்றால் அனுப்பு. 'மிஸ்ஸியோ' என்றால் அனுப்புகை. ஏவுகணைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'மிசைல்' இந்த வேரில் முளைத்ததுதான். கத்தோலிக்கப் பூசைக்கு லத்தீனில் உள்ள 'மிஸ்ஸா' என்ற பெயரும், பூசை முடிந்து மக்களை அனுப்பிவைக்கும் வாசகத்திலிருந்து வந்தது. இறையியலில் முதலில் தந்தை மகனை உலகுக்கு அனுப்பியதையே 'மிஸ்ஸியோ' குறித்தது. தூரதேசத்துக்கு ஆள் அனுப்புவதற்கு அதை வழங்கத் தொடங்கியவர்கள் 16ஆம் நூற்றாண்டின் இயேசு சபையார், அதாவது ஜெசூட் என்னும் கத்தோலிக்கத் துறவியர். ஆக, மிஷனரி என்றால் அனுப்பப்பட்டவர். மதத்தைப் பரப்புகிறவர் என்ற பொருள் வேரில் இல்லை. கிரேக்க 'அப்போஸ்தலோஸ்' என்பதற்கும் இதே பொருள்தான். பழைய தமிழ் பைபிள் அதை 'அப்போஸ்தலர்' என்று ஒலிபெயர்த்தது, கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 'திருத்தூதர்' என்று தமிழாக்கியது.

அனுப்பியவர் யார் என்று கேட்டால் கதை சிக்கலாகிறது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி, சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். ஆனா ஆவன்னா படிக்கிற பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் சீகன்பால்கு. 1708இல் அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் அடைத்தவர் வேறு யாருமல்லர், அதே அரசரின் கொடிக்குக் கீழ் இருந்த டேனிஷ் தளபதி! ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியும் 1813 வரை தன் எல்லைக்குள் மிஷனரிகளை எளிதில் விடவில்லை. வணிகம் கெடும் என்ற அச்சம். 'வெள்ளைக்காரனும் பாதிரியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை' என்று முடித்துவிடுவது அவசரத் தீர்ப்பு. 1813க்குப் பிறகு நெருக்கம் கூடியது என்பதும் உண்மைதான்.

நம் ஊர்க்காரர்கள் அவர்களை மிஷனரி என்று கூப்பிட்டதில்லை. போர்த்துக்கீசிய 'பாத்ரே', அதாவது தந்தை, பாதிரியாரானது. நெல்லைச் சீமையில் 'ஐயர்': கால்டுவெல் ஐயர், போப் ஐயர். கிறிஸ்தவர்கள் வேதக்காரர்கள், தேவாலயம் வேதக்கோயில். வெயிலில் ஊர் ஊராக நடந்து போதித்த உள்ளூர்க்காரருக்கோ 'உபதேசியார்' என்ற பெயர்தான். வேலை ஒன்று, பெயர் இரண்டு. கடல் தாண்டி வந்தவருக்கு மட்டுமே எழுத்தில் மிஷனரிப் பட்டம் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

அதைத் திருப்பிப்போட்டவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா. 1903இல் அவரும் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் (சபையார் இன்றும் 'மிஷனெரி' என்றே எழுதுவார்கள்) தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. 1910இல் எடின்பரோ மாநாட்டில், பொருளையும் உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளை மிஷனரிகளின் முகத்துக்கு நேரே கேட்டவரும் அவர்தான்.

நற்பெயரும் கெட்ட பெயரும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல், 1849இல் எழுதிய சிறு நூலால் நாடார் சமூகத்தின் கோபத்துக்கு ஆளானவர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் கைகொடுத்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். மிஷன் பள்ளியின் வழிமுறையைக் கொண்டே அதற்குப் பதில் சொன்னார்.

'பரப்பு' எங்கே ஒட்டியது? 1622இல் ரோமில் விசுவாசத்தைப் பரப்ப ஒரு பேராயம், அதாவது திருச்சபை நிர்வாகத் துறை, அமைத்தார்கள். அதன் லத்தீன் பெயரில் இருந்த சொல்தான் 'புரொபகண்டா'. அது இன்று என்ன பொருளில் வழங்குகிறது என்று சொல்லத் தேவையில்லை. நம் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு சொல்லின் பொருளுக்காக வழக்கு அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

எனவே மிஷனரியைத் தமிழில் 'மதப் பரப்புநர்' என்று எழுதினால் பாதி தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. 'மறைப்பணியாளர்', 'நற்செய்திப் பணியாளர்' இரண்டும் சபைக்குள் இருந்து பார்க்கும் சொற்கள். அவற்றில் பணி இருக்கிறது, அனுப்புதல் இல்லை. 'மறைத்தூதர்' வேருக்கு நெருக்கம், ஆனால் வழக்கில் ஏறவில்லை. சபைச் செய்தி என்றால் மறைப்பணியாளர் என்று எழுதுவேன். வரலாறு என்றால் மிஷனரி என்றே விட்டுவிடுவேன். 1897இல் விவேகானந்தர் தொடங்கிய அமைப்பும் நம் வாயில் ராமகிருஷ்ண மிஷன்தானே.