பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் உள்தாளைப் பாருங்கள்

பழைய நூல்களைச் செப்பனிடும் என் மேசைக்கு வருபவற்றில் பல, அட்டையின் உட்புறத்தில் இருந்த, பளிங்குபோல் வண்ணக் கோலமிட்ட மார்பிள் தாள் உரிக்கப்பட்டு, புது வெள்ளைத் தாள் ஒட்டப்பட்ட நிலையிலேயே வருகின்றன. சென்ற ஆண்டு வந்த ஒன்றில், தூசு போகட்டும் என்று உரிமையாளரே ஈரத்துணியால் துடைத்திருந்தார். வண்ணம் தாளுக்குள் ஊறாமல் மேலே படிந்திருப்பதால், நீலத்தில் பாதி துணியோடு போய்விட்டது.

அச்சடித்த அலங்காரத் தாள்தானே என்று நினைப்பதுதான் இதற்கெல்லாம் காரணம். உண்மையில் இது கையால் ஒவ்வொன்றாகச் செய்வது. துருக்கியில் 'எப்ரு' எனப்படும் இந்தக் கலையில், கித்ரே என்ற பிசினை ஊறவைத்துக் கெட்டியாக்கிய நீரைத் தட்டில் நிரப்பி, மாட்டுப் பித்தநீர் கலந்த வண்ணங்களை, ரோஜாக் குச்சியில் குதிரைவால் மயிர் கட்டிய தூரிகையால் அதன்மேல் தெளிப்பார்கள். பித்தநீர் இருப்பதால் வண்ணங்கள் மூழ்காமலும் ஒன்றோடொன்று கலக்காமலும் பரவும்; ஊசியாலோ சீப்பாலோ கோலம் இழுத்து, தாளை மெல்லப் படியவைத்து எடுத்தால் அத்தனையும் தாளுக்கு வந்துவிடும். அதே கோலம் இன்னொரு முறை வராது. 1775-இல் அமெரிக்கக் காலனிகளின் காங்கிரஸ் வெளியிட்ட 20 டாலர் நோட்டின் ஓரத்தில் இத்தகைய கோலம் இருந்ததும், பழைய கணக்குப் பேரேடுகளின் விளிம்பில் இதைத் தீட்டியதும் அதனால்தான்: நோட்டைப் போலி செய்வது கடினம்; பேரேட்டில் ஒரு தாளைக் கிழித்தாலும் விளிம்புக் கோலம் காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தாள்களில் பெரும்பாலானவற்றில் கையொப்பம் கிடையாது. இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா மசூதியில் பிரசங்கியாக இருந்து 1773-இல் மறைந்த மெஹ்மத் எஃபெந்தியின் பெயர் நிலைத்தது, அவர் வகுத்த கோலத்துக்கே 'ஹாதிப்', அதாவது பிரசங்கி, என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால்தான். இருபதாம் நூற்றாண்டில் நெஜ்மெத்தின் ஒக்யாய் என்ற கலைஞர் நீரின்மேல் துலிப் முதலிய மலர்களை வரைந்து காட்டினார். அவரிடம் கற்ற முஸ்தபா தூஸ்குன்மன், இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் நம் நாட்டு மருந்துக் கடை போன்றதொரு கடையை நடத்திக்கொண்டே இக்கலையைக் காத்தார். 2014-இல் யுனெஸ்கோ எப்ருவைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே, இத்தகைய தாளை உலர்ந்த மென்தூரிகையால் மட்டுமே துடையுங்கள். பைண்டரிடம் கொடுக்கும்போதே, உள்தாளை எடுக்கக் கூடாது, விளிம்பை வெட்டக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே உரிந்துவிட்டதென்றால், துண்டாக இருந்தாலும், அமிலமற்ற உறையில் இட்டு அந்த நூலோடு சேர்த்தே வையுங்கள்.