போன கை திரும்பி வர வேண்டும்

குத்துச்சண்டைப் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பையன்கள் கேட்பது ஒன்றுதான்: "மாஸ்டர், ஹூக் எப்போ சொல்லித் தருவீங்க?" முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்துதான் ஹூக்; பார்க்க அழகு, தொங்கும் பயிற்சிப் பேக்கில் அடித்தால் சத்தமும் பலமாக வரும். நேராக விடும் குத்தான ஜாப் என்றால் கையை நீட்டி எடுப்பதுதானே என்ற நினைப்பு. இந்த நினைப்போடு ஸ்பாரிங்கில், அதாவது ஜோடி சேர்ந்து போடும் பயிற்சிச் சண்டையில், இறங்குகிறவர்கள்தான் தலையில் அதிகம் அடி வாங்குகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வலது கைக்காரருக்கு ஜாப் இடது கையில். இடது கால் சற்று முன்னே நகரும்போதே கையும் நேராகப் போக வேண்டும். படும் நேரத்தில் முஷ்டி திரும்பி உள்ளங்கை தரையைப் பார்க்கும், தோள் ஏறித் தாடையை மறைக்கும். வலது கை கன்னத்தை விட்டு அசையக் கூடாது. முழங்கை வெளியே விரிந்தால், அடி வருவது எதிராளிக்கு முன்பே தெரிந்துவிடும். இடைவெளியை அளப்பது, முன்னேறி வருபவரைத் தடுப்பது, வலது கைக்கு வழி திறப்பது, எல்லாமே இந்த ஒரு குத்தில் இருக்கிறது.

சரி, இதையெல்லாம் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். கை திரும்பி வருவதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

1936 ஜூன் 19, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். அதுவரை தொழில்முறைப் போட்டிகளில் தோற்றதே இல்லாத அமெரிக்க வீரர் ஜோ லூயிஸ், ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கோடு மோதினார். லூயிஸின் ஜாப் பேர் பெற்றது. ஆனால் ஜாப் போட்டபின் அவர் இடது கை தாழ்ந்தே திரும்புகிறது என்பதை ஷ்மெலிங் அவருடைய சண்டைப் படங்களைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். கை இறங்கும் அந்த இடைவெளியில் வலது கையை விட்டுக்கொண்டே இருந்தார். நான்காவது சுற்றில் லூயிஸ் விழுந்தார், பன்னிரண்டாவதில் நாக் அவுட். 1938-ல் மறுபடி மோதியபோது முதல் சுற்றிலேயே லூயிஸ் ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவ்வளவு பெரிய வீரருக்கே அந்தக் கதி. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு நல்ல நீளமான கை, வேகமும் உண்டு. அவன் குத்துவதற்காக நான் கைகளில் பேடு (மெத்தைப் பட்டை) பிடிக்கும்போது, அவன் ஜாப் முடிந்த உடனே என் வலது பேடால் அவன் இடது கன்னத்தை மெல்லத் தொடுவேன். பத்துக்கு எட்டு முறை தொட முடிந்தது. கை நெஞ்சு வரைக்கும் வழிந்து, அப்புறம்தான் மேலே ஏறியது. இரண்டு மாதம் ஜாப் மட்டும்தான் கொடுத்தேன். முகம் சுளித்தான், ஆனாலும் செய்தான்.

ஸ்பாரிங்குக்கு அனுப்பும் முன் நான் செய்வது இதுதான். மூன்று நிமிடம் நிழல் சண்டை, அதாவது எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது, போடச் சொல்லிப் போனில் படம் பிடிப்பேன். முதல் நிமிடத்தில் எல்லோருக்கும் கை ஒழுங்காகத்தான் வரும். மூன்றாவது நிமிடத்தில், தோள் களைத்த பிறகு, படத்தை நிறுத்திப் பார்ப்போம். கை கன்னத்துக்கு வராமல் நெஞ்சருகே நின்றால், அன்றைக்கு ஸ்பாரிங் கிடையாது.