‘வாக்’ ஓசியில் வருவதில்லை

இந்த மாதத்தில் இப்படி வந்த பட்டியல் இது நான்காவது. பயிற்சிக்கு வந்த பையன் பேஸ்பாலின் பழைய ஜாம்பவான்களைப் பட்டியல் போட்டுக் கொண்டுவந்தான். வரிசைப்படுத்தியது பேட்டிங் ஆவரேஜை வைத்து, அதாவது அடித்து ஓடி பேஸை (ரன் எடுக்கக் கடக்க வேண்டிய நிலையை) எட்டும் ‘ஹிட்’களை வாய்ப்புகளால் வகுத்த எண்ணை வைத்து. எடி யோஸ்ட் எங்கேப்பா என்றேன். “0.254 ஆளெல்லாம் எதுக்கு சார்?”

அந்த 0.254 ஆள் ஹிட், வாக் எல்லாம் சேர்த்து பேஸை எட்டிய விகிதம் 0.394. (அடிக்க வாகில்லாத நான்கு பந்துகளை விட்டுவிட்டால் இலவசமாக முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதுதான் வாக்.) பில் பக்னரின் ஆவரேஜ் 0.289, எட்டிய விகிதம் 0.321. ஆயிரம் முறை மட்டையோடு வந்தால் யோஸ்ட் 73 தடவை கூடுதலாக பேஸில் நிற்பார். இன்னிங்ஸுக்கு மூன்றே அவுட் உள்ள ஆட்டத்தில் இதன் மதிப்பை நான் வேறு சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டியது வேறு. “வாக், பிட்சர் (பந்து வீசுபவர்) போடுற பிச்சை சார், யோஸ்ட் சும்மாதானே நின்னார்?” என்கிறான் பையன். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாம் வைடு பார்த்து வளர்ந்தவர்கள். அது எக்ஸ்ட்ராஸில் போகும், பேட்ஸ்மேன் கணக்கில் ஏறாது. ஸ்கோர் எழுதும் முறையை பேஸ்பாலுக்கு வகுத்துக் கொடுத்த ஹென்றி சாட்விக்கும் கிரிக்கெட் நிருபராக இருந்தவர்தான். அவரும் வாக்கை பிட்சரின் தவறாகவே பார்த்தார். நோய் அங்கிருந்தே வருகிறது.

வாக் வாங்க, அடிக்கும் எல்லைக்கு வெளியே போகும் நான்கு பந்துகளை அடிக்காமல் விட வேண்டும். ஒவ்வொன்றும் பேட்ஸ்மேனிடம் வந்துசேர அரை நொடிகூட ஆகாது. ஆசை காட்டி வெளியே இழுப்பதுதான் பிட்சரின் பிழைப்பே. வாழ்நாளில் 1,614 முறை அதற்கு மசியாமல் வாக் வாங்கிய யோஸ்ட்டைச் சும்மா நின்றவர் என்பீர்களா? மேக்ஸ் பிஷப் மொத்தமே 41 ஹோம் ரன் அடித்தவர். அவரைப் பார்த்து எந்த பிட்சரும் நடுங்கியிருக்க மாட்டார். ஆவரேஜ் 0.271, எட்டிய விகிதம் 0.423.

உடனே, பிட்சர்கள் பயந்து கொடுத்ததுதானே என்று ஹோம் ரன் மன்னன் பாரி பாண்ட்ஸை இழுப்பார்கள். சரி, 2004-ல் அவருக்குக் கிடைத்த 232 ‘வாக்’களில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை. அத்தனையையும் கழித்துவிடுங்கள், எட்டிய விகிதம் 0.609 என்பது 0.515 ஆகும், அவ்வளவுதான். அதே ஆண்டு இச்சிரோ 262 ஹிட் அடித்துச் சாதனை படைத்தார். (நான் இச்சிரோ ரசிகன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) ஆவரேஜில் இச்சிரோ 0.372, பாண்ட்ஸ் 0.362. பேஸை எட்டியதோ இச்சிரோ 315 முறை, பாண்ட்ஸ் 376 முறை. அதுவும் 140-க்கு மேல் குறைவான வாய்ப்புகளில்.

டெட் வில்லியம்ஸ் வாழ்நாளில் பேஸை எட்டிய விகிதம் 0.482. அதைத் தாண்டியவர் இல்லை. 1954-ல் அவர் 0.345 அடித்தும் பேட்டிங் பட்டம் 0.341 அடித்த பாபி அவிலாவுக்குப் போனது. 136 முறை ‘வாக்’கில் போனதால் வில்லியம்ஸின் ‘அட் பேட்’ (ஆவரேஜுக்குக் கணக்கில் எடுக்கும் வாய்ப்புகள்) 386-லேயே நின்றுவிட்டது. பட்டத்துக்கு விதி 400 கேட்டது. பொறுமைக்குத் தண்டனை! பிறகு விதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே தயவுசெய்து, வகுக்கும் எண் எது என்று முதலில் பாருங்கள். ‘அட் பேட்’ எண்ணிக்கையில் வாக் சேராது. 1887-ஐத் தனியே வையுங்கள். அந்த ஒரு வருடம் வாக்கையும் ஹிட்டாக எண்ணினார்கள். நான்கு பந்துக்கு வாக் என்பதே 1889-ல்தான் வந்தது. அதற்கு முந்தையவர்களை வில்லியம்ஸ் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். பேஸை எட்டிய விகிதம் அதிகாரபூர்வமானது 1984-ல்தான், அதனால் பழைய செய்தித்தாளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தம்பி, யோஸ்ட்டைச் சேர்த்துவிட்டுத் திரும்ப அனுப்பு. பிஷப்பையும்.