தெர்வாருக்குத் தமிழ் மண்வாசனை இல்லை, நிலத்தியல்பு

பிரான்சில இருக்கிற என்ர மச்சான் போன வருசம் புரட்டாதி மூட்டம் லீவு எடுத்துக்கொண்டு பேர்கண்டிப் பக்கம் முந்திரிகைக் குலை (இந்தியாவில முந்திரி எண்டா கசுக்கொட்டை, குழம்பவேண்டாம், எங்களுக்கு முந்திரிகை எண்டா திராட்சை) வெட்டுற வேலைக்குப் போனவன். அங்க இருந்து ஒருநாள் கோல் எடுத்து "மச்சான், இஞ்ச எல்லாரும் வாய்க்கு வாய் தெர்வார் தெர்வார் எண்டினம், தோட்டக்காரனும் உதைத்தான் சொல்லுறான், வைன் செய்யிறவனும் உதைத்தான் சொல்லுறான், உதுக்குத் தமிழ் என்னடாப்பா" எண்டு கேட்டான். நான் யோசிக்காமல் மண்வாசனை எண்டு சொல்லிப்போட்டன். போனை வச்ச பிறகுதான் மனம் கேக்கேல்ல, பிழையாச் சொல்லிப்போட்டமோ எண்டு தேடத் தொடங்கினன், தேடத் தேட அது பிழைதான் எண்டு வடிவா விளங்கிச்சு. அதைத்தான் இதில எழுதுறன்.

தெர்வார் (terroir) எண்டா ஒரு காணித் துண்டின்ர மண்ணும் காலநிலையும் அந்த ஊர் ஆக்களின்ர பட்டறிவும் சேந்து வைனுக்குக் குடுக்கிற தனித்தன்மை. முதல்ல சொல்லின்ர பிறப்பு. இலத்தீன்ல தெர்ரா எண்டா நிலம். அதில இருந்து தெரிதோரியும் எண்டு ஒரு சொல், ஒரு ஊருக்கோ அரசுக்கோ உரிய நிலப்பரப்பு எண்ட கருத்தில, இங்கிலிசில டெரிட்டரி எண்டுறதும் இதின்ர பிள்ளைதான். பேச்சில அடிபட்டு உருமாறிப் பழைய பிரெஞ்சுக்கு வந்து தெர்வார் ஆச்சு. அப்ப வைனுக்கெண்டு தனியா ஒரு கருத்தும் இல்லை, சும்மா காணி பூமி, ஊர்ப்புறம். பேந்து வைனோட சேந்தபோதும் முதல்ல நல்ல பேர் கிடைக்கேல்ல. ஒரு வைனைக் குடிச்சுப்போட்டு "இதில தெர்வார் சுவை அடிக்குது" எண்டு ஒரு ஆள் சொன்னா அது வசை, நாட்டுப்புறத்துக் கரடுமுரடான வைன், மண் நாறுது எண்டுதான் அர்த்தம். இண்டைக்கு அதே சொல் வைனுக்குக் குடுக்கக்கூடிய பெரிய பாராட்டு.

இப்ப பாருங்கோ, மண்வாசனை எண்டு தமிழ்ப்படுத்தினா நாங்கள் அந்தப் பழைய வசைக்குத்தான் திரும்பிப் போறம். அதோட மண்வாசனை எங்களுக்கு ஏற்கனவே வேற பொருள்ல இருக்கிற சொல், காய்ஞ்ச நிலத்தில முதல் மழை விழேக்க வருகிற வாசம் (மண்ணில இருக்கிற நுண்ணுயிர் உண்டாக்குற ஜியோஸ்மின் எண்ட பொருள்தான் அதுக்கு முக்கிய காரணம்), இல்லாட்டி கிராமத்துக் கதைகளைப் பற்றிச் சொல்லுற சொல். இதையெல்லாம் விடப் பெரிய பிழை என்னெண்டா, மண்ணின்ர வாசம் வேராலை ஏறிக் குலைக்குள்ள போய் வைனுக்கு வருகுது எண்டு ஆக்கள் நினைக்கிறதுக்கு அந்தச் சொல் வழிவிடுது. அப்பிடி ஒண்டும் நடக்கிறேல்ல. அலெக்ஸ் மோல்ட்மன் எண்ட புவியியல் பேராசிரியர் இதைக் கனகாலமா எடுத்துச் சொல்லுறவர், கல்லுக்கு ருசியும் இல்லை மணமும் இல்லை, வேர் எடுக்கிறது தண்ணியில கரைஞ்ச கொஞ்ச உப்புச்சத்து மட்டும்தான் எண்டு.

அப்ப நிலம் என்னதான் செய்யுது? முக்கியமா தண்ணியும் சூடும். ஜேர்மனியில மொசல் ஆத்துப் பக்கம் கரும்பலகைக் கல்லு நிறைஞ்ச செங்குத்துச் சரிவு, பகல் வெயிலைக் கல்லுப் பிடிச்சு வச்சிருந்து இரவில விடும், அந்தக் குளிர் நாட்டில ரீஸ்லிங் எண்ட முந்திரிகை இனம் பழுக்கிறதுக்கு அந்தச் சூடு பெரிய உதவி. பிரான்சின்ர ஷப்லியில சுண்ணாம்பும் களியும் கலந்த நிலம், 15 கோடி வருசத்துக்கு முந்திக் கடலுக்கடியில படிஞ்சது, கல்லை உடைச்சா நகம் அளவு சிப்பிகள் இருக்கும். இதை வாசிக்கேக்க எனக்கு எங்கட வளவில கிணறு ஆழமாக்கின நாள் ஞாபகம் வந்திச்சு. மேல மூண்டு நாலு அடி செம்பாட்டு மண், அதுக்குக் கீழ வெள்ளைக் கல்லு, கல்லு வெட்டுறவர் ஒரு துண்டை மேல எறிஞ்சார், கழுவிப் பாத்தா அதில சிப்பியின்ர வரி அச்சொட்டாப் பதிஞ்சிருந்துது. யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக் கல்லுத்தானே, மயோசின் காலம், எண்டா 2 கோடி 30 லட்சம் வருசத்துக்கும் 50 லட்சம் வருசத்துக்கும் இடையில படிஞ்சது. சுண்ணாம்புக் கல்லு மேலதிகத் தண்ணியை உள்ளுக்க விட்டிடும், கொஞ்சத்தைத் தனக்குள்ள பிடிச்சும் வச்சிருக்கும். முந்திரிகைக்கு அதுதான் வேணும். தண்ணி தாராளமாக் கிடைச்சா இலையும் கொடியுமா வளந்திடும், அளவாக் கிடைச்சாத்தான் பழம் சின்னனா, தோல் கூட, சாறு இறுக்கமா வரும்.

எங்கட ஆக்களுக்கு இது புதுசில்லை. ஒரே தாய் மரத்தில ஒட்டின ரெண்டு கறுத்தக்கொழும்பான் மாங்கண்டு, ஒண்டு எங்கட செம்பாட்டு வளவில, மற்றது பெரியம்மான்ர வீட்டில, அது வடமராட்சி கிழக்கு மணல். எங்கட பழம் பெரிசு, சதை இறுக்கம். அங்கத்தையான் சின்னன், ஆனா அறுக்க முதலே வீடெல்லாம் மணக்கும். அம்மம்மாவுக்குக் கண்ணைக் கட்டிப்போட்டு ஒரு துண்டு குடுத்தாலும் எந்த வளவுப் பழம் எண்டு சொல்லுவா. செம்பாடு, இருவாட்டி, கலட்டி, தரவை எண்டு மண்ணுக்கு எத்தினை சொல் வச்சிருக்கிறம்!

இன்னொரு ஒற்றுமையும் இருக்கு. எங்கட காணி உறுதிகளை எடுத்துப் பாத்தா ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேர் இருக்கும், எல்லை வேலிக்கு அங்கால இருக்கிற துண்டுக்கு வேற பேர். பேர்கண்டியிலயும் அப்பிடித்தான், அங்க அந்தத் துண்டைக் கிளிமா எண்டினம், அப்பிடி 1247 கிளிமாவை 2015ல யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியல்ல சேத்தது. ரொமனே கோந்தி எண்ட உலகத்தில விலைகூடின வைன்கள்ல ஒண்டு வாற தறை 1.8 ஹெக்டேர்தான், எங்கட கணக்கில 71 பரப்பு மாதிரி வரும். பாதர்மார், 1098ல தொடங்கின சீத்தோ மடத்து ஆக்கள், பக்கத்தில வூஜோ எண்ட இடத்தில பெரிய மதில் கட்டித் தோட்டம் செய்தவை, சுமார் 50 ஹெக்டேர், ஒரே மதிலுக்குள்ளயே மேல்சரிவு தண்ணி வடியிற சுண்ணாம்பு நிலம், கீழ் ரோட்டுக்கரை ஈரம் தங்குற களி, ரெண்டிலயும் ஒரே இனம் பினோ நுவார் வச்சாலும் வைன் வேற வேற.

சரி, வைன் செய்யிறவர் இதில என்ன செய்யிறார்? மச்சான் வேலை செய்த இடத்தில ஒவ்வொரு தறைக் குலையையும் வேற வேறயா வெட்டி வேற வேற தொட்டியில போட்டுப் புளிக்க வைக்கிறவையாம், ஒரு கூடை கூட மாறிப் போகக்கூடாதெண்டு நிண்டு பாப்பினமாம். அதுதான் முதல் வேலை, கலந்தா நிலம் தெரியாது. ரெண்டாவது, கொடியில பாரம் ஏத்தாமல் குலையைக் குறைச்சு விடுறது. அடுத்தது வெட்டுற நாள், இதுதான் எனக்கு எல்லாத்திலயும் பெரிய விசயமாத் தெரியுது, ஏனெண்டா மிஞ்சிப் பழுக்க விட்டா எல்லாத் தறையும் ஒரே மாதிரி இனிப்பும் வெறியுமாப் போயிடும், வித்தியாசம் எல்லாம் கரைஞ்சிடும், அதால ஒவ்வொரு தறையையும் பழத்தைக் கடிச்சுக் கடிச்சுப் பாத்துத்தான் நாள் குறிப்பினமாம். பேந்து நொதிக்கிற விசயம், கடையில வாங்குற ஈஸ்ட்டைப் போடாமல் தோட்டத்திலயும் கொட்டில்லயும் இருக்கிற ஈஸ்டையே நம்பிக் கனபேர் விடுகினம். எங்கட பனங்கள்ளும் அப்பிடித்தானே, ஆரும் ஒண்டும் போடுறேல்ல, முட்டியிலயும் காத்திலயும் இருக்கிறதே புளிக்க வைக்கும், புளிக்க விடாமல் கருப்பநீர் வேணுமெண்டாத்தான் சுண்ணாம்பு தடவுறது. கடைசியா பீப்பா. புது ஓக் பீப்பா வனிலா மணத்தையும் சுட்ட பாண் மணத்தையும் குடுக்கும், அது கூடினா மரம்தான் தெரியும், நிலம் தெரியாது, அதால பழகின பீப்பாவைக் கூடப் பாவிப்பினம். மொத்தத்தில அவர் சேக்கிறதைவிடச் சேக்காமல் விடுறதுதான் கூட.

இனித் தமிழ்ச் சொல். திணை எண்டு சொல்லலாமோ எண்டு யோசிச்சனான். தொல்காப்பியம் "முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு" எண்டு சொல்லுது, நிலமும் பொழுதும், எண்டா மண்ணும் காலநிலையும், தெர்வாரின்ர அடிப்படையும் அந்த ரெண்டுதான். கருப்பொருளுக்குள்ள மரமும் தொழிலும் வருகுது, 2010ல சர்வதேச வைன் அமைப்பு தெர்வாருக்குக் குடுத்த வரையறையிலயும் அந்த ஊர் ஆக்களின்ர பட்டறிவு சேத்தி. நல்லாப் பொருந்துது, ஆனா திணை பெரிய வகுப்பு, யாழ்ப்பாணம் முழுக்க ஒண்டு ரெண்டு திணைக்குள்ள அடங்கிடும். வேலிக்கு இங்காலையும் அங்காலையும் இருக்கிற வித்தியாசத்தை அது பிடிக்காது.

நான் தேடின சொல் திருக்குறள்ல கிடந்திச்சு. 452வது குறள், "நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்". நிலத்தின்ர இயல்பால தண்ணி தன் தன்மை மாறும். வள்ளுவர் சொல்ல வந்தது சேருற கூட்டத்தைப் பற்றி, ஆனா உவமைக்கு எடுத்தது அப்பிடியே தெர்வார். நல்லதண்ணிக் கிணத்தில போட்ட தேத்தண்ணியும் உவர்க் கிணத்தில போட்ட தேத்தண்ணியும் குடிச்ச எங்களுக்கு இதுக்கு உரையாசிரியர் தேவையில்லை. அதால தெர்வாருக்கு என்ர தெரிவு நிலத்தியல்பு.

வைன் தெர்வாரை எக்ஸ்பிரஸ் பண்ணுது எண்டு சொல்லுவினம், அதுக்கு வேண்டிய வினைச்சொல்லும் திருக்குறள்லயே இருக்கு, 959ல. "நிலத்தில் கிடந்தமை கால்காட்டும்". கால் எண்டா முளை, எந்த நிலத்தில கிடந்தது எண்டதை முளை காட்டிக் குடுக்கும். வெளிப்படுத்துறது எண்டு எழுதினா வைன் செய்யிறவர்தான் ஏதோ தூக்கி வைக்கிற மாதிரி இருக்கும், காட்டுறது எண்டா காட்டுறது முளை, அவர் மறைக்காமல் நிக்கிறார்.

வைனுக்கு எங்கட ஊர்ப் பழைய கத்தோலிக்க வழக்கு முந்திரிகை இரசம், தோலகட்டி ஆச்சிரமத்து வைனை நெல்லிரசத்தோட சேத்து அறியாத ஆள் இஞ்ச இல்லை. புறநானூறு "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" எண்டுது, தேறல் எண்டா மண்டி அடங்கித் தெளிஞ்சது. எழுத்துக்குத் தேறல் வடிவு, பேச்சில வைன் எண்டே இருக்கட்டும், அதில எனக்குப் பிரச்சினை இல்லை.

மச்சானுக்குத் திருப்பி எழுதி அனுப்பினது இதுதான்: "தெர்வார், நிலத்தியல்பு. நல்ல தெர்வார் உள்ள தறை எண்டா நிலத்தியல்பு நல்ல தறை. அந்த வைன் தெர்வாரை எக்ஸ்பிரஸ் பண்ணுது எண்டு அவை சொன்னா, வைன் நிலத்தைக் காட்டுது எண்டு சொல்லு."