பட்டாளத்து போனும் வீட்டு போனும்

ராணுவத்தில் சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது காட்பாடியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வேலூர் சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர். லீவில் வரும் பிள்ளைகள் டிஸ்ப்ளே உடைந்தது, பேட்டரி நிற்கவில்லை என்று கடைக்கு வருவார்கள். வேலை முடிந்ததும், அவர்களுக்குச் சம்மதம் என்றால், பக்கத்தில் உட்கார வைத்து செட்டிங்ஸைத் திறந்து ஒரு முறை பார்ப்போம். அதில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதைத்தான் பட்டாளத்துக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ராணுவத்துக்கு ஸ்மார்ட்போன் ஆகாது என்று நான் சொல்லவில்லை. காகித மேப்பை விரித்து, வயர்லெஸ்ஸில் இடத்தை எண் எண்ணாகச் சொல்லி, மறுமுனையில் ஒருவர் குறித்துக்கொள்வதற்குள் நிலவரமே மாறிவிடும். அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் 2010இல் தொடங்கிய ஏடிஏகே என்ற ஆண்ட்ராய்டு செயலி இந்தச் சிக்கலைத்தான் தீர்த்தது. நம் ஆள் எங்கே, எதிரி எங்கே என்பது கையிலிருக்கும் திரையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். நம் ராணுவமும் சும்மா இல்லை. 2020 அக்டோபரில், பாதுகாப்பாகப் பேசவும் செய்தி அனுப்பவும் சாய் என்ற செயலி வந்தது. 2021 டிசம்பரில், சுமார் 15 வருடம் ஓடிய அவான் என்ற உள் தகவல் அமைப்புக்குப் பதிலாக அசிக்மா என்ற செய்திச் செயலி வந்தது. அப்புறம் சம்பவ் என்ற பாதுகாப்பான போன், சுமார் 30,000 செட். இவற்றில் சர்வர் ராணுவத்துடையது, பூட்டிய செய்தியைத் திறக்கும் சாவியும் ராணுவத்திடம்.

என் கவலையெல்லாம் அதே ஜவான் இன்னொரு பாக்கெட்டில் வைத்திருக்கும் சொந்த போனைப் பற்றித்தான். அதில் யார் யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்பது அவருக்கே தெரியாது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவு போட்டபோது, “இது ரொம்ப அதிகம்” என்று பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரு தம்பி வந்திருந்தான், உயரமான மலைப்பகுதியில் போஸ்டிங். ஓட்டப் பயிற்சியைக் கணக்கிடும் செயலி ஒன்று போனில் இருந்தது. லொகேஷன் பர்மிஷன் ‘எப்போதும்’ என்று கிடந்தது. ஏன் என்று கேட்டேன்.

“அங்க டவரே கிடைக்காதுண்ணா. அப்புறம் எப்படி யாருக்குத் தெரியும்?”

முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள் அனுப்புவதைக் கேட்டுக்கொள்ளும் ரேடியோ. அதற்கு டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். நீங்கள் ஓடிய பாதையைச் செயலி போனிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். கீழே இறங்கி வந்து வைஃபை கிடைத்ததும் மொத்தத்தையும் ஏற்றிவிடும். அந்தத் தம்பியின் போனிலேயே மேப்பைத் திறந்து காட்டினேன். சுற்றிலும் ஒரு ரோடுகூட இல்லாத இடத்தில், ஒரே வட்டத்தில் மறுபடி மறுபடி ஓடிய கோடு. கோட்டைப் பார்த்தான், பேசாமல் செயலியை நீக்கினான். போனில் நீக்கினால் மட்டும் போதாது, ஏற்கெனவே ஏறிய பதிவு சர்வரில் அப்படியே இருக்கும் என்று சொல்லி, கணக்கையும் சேர்த்து அழிக்க வைத்தேன்.

ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சிச் செயலியின் விவகாரமும் இதே கதைதான். உலகமெங்கும் தன் பயனர்கள் ஓடிய பாதைகளை ஒளிக்கோடுகளாக்கி அந்த நிறுவனம் 2017 நவம்பரில் ஒரு வரைபடம் வெளியிட்டது. 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர், சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் இருட்டுக்கு நடுவே ராணுவ முகாம்கள் பளிச்சென்று தெரிவதைச் சுட்டிக்காட்டினார். எந்த உளவாளியும் தேவைப்படவில்லை. வீரர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள ஓடியதே போதுமானதாக இருந்தது. அதே வருடம் ஆகஸ்டில், களத்தில் இருப்பவர்கள் இருப்பிடம் காட்டும் கருவிகளைப் பயன்படுத்த அமெரிக்க ராணுவத் தலைமை தடை போட்டது.

இதைவிடக் கொடுமை, உக்ரைனில் ரஷ்யாவின் பிடியில் இருந்த மகீவ்கா நகரில் நடந்தது. 2023 புத்தாண்டு இரவில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தை உக்ரைன் ராக்கெட்டுகள் தாக்கின. 89 பேர் இறந்தார்கள் என்றும், தடையை மீறி வீரர்கள் செல்போன் பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றும் ரஷ்ய ராணுவம் சொன்னது. அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் தங்க வைத்தது யார் என்ற கேள்வியும் அங்கே எழுந்தது, அது நியாயமான கேள்விதான். ஆனால் நெட்டை அணைத்து வைத்தாலும் போன் டவரோடு பேசிக்கொண்டேதான் இருக்கும். ஆள் நடமாட்டமில்லாத பகுதியில் திடீரென்று நூற்றுக்கணக்கான போன்கள் ஒரே இடத்தில் பேச ஆரம்பித்தால், கண்காணிக்கிறவனுக்கு வேறு துப்பு வேண்டியதில்லை.

சரி, போட்டோவுக்கு வருவோம். கேமராவில் லொகேஷன் ஆனாக இருந்தால் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்தப் பதிவு போய்விடும். ‘கிளாரிட்டி குறையக்கூடாது’ என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே சேர்ந்து போகும். கேமரா செட்டிங்ஸில் அந்த ஒரு பட்டனை அணைத்துவிடுங்கள்.

இனி வீட்டு போன். பிள்ளை ஜாக்கிரதையாக இருப்பான். அம்மா ஸ்டேட்டஸில் ‘என் தங்கம் இன்று புது இடத்துக்குப் புறப்படுகிறான்’ என்று யூனிஃபார்ம் படத்தோடு போடுவார். தங்கச்சி ரயில் டிக்கெட்டைப் படம் பிடித்து குடும்ப குரூப்பில் போடுவாள். அந்த குரூப்பில் இருப்பவர்கள் எல்லோரையும் உங்களுக்குத் தெரியுமா? ஒரு படத்தில் பேர், இன்னொன்றில் தோளில் இருக்கும் யூனிட் பேட்ஜ், மூன்றாவதில் தேதி. சேர்த்துப் பார்க்கிறவனுக்கு அது போதும். பெருமையாகப் போடுகிறார்கள், அந்தப் பெருமை எனக்கும் புரிகிறது. படத்தைப் போடத்தான் வேண்டுமென்றால் அவன் லீவில் வீட்டுக்கு வந்த பிறகு, சாதாரண உடையில் இருப்பதைப் போடுங்கள்.

அரக்கோணம் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி, கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் கிளம்பும் தளம். விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் நேரத்தோடு ரீல்ஸ் போடுவது வேண்டாம்.

பழைய நண்பர், புதுத் தோழி என்று யாராவது லிங்க் அனுப்பி, இந்த ஆப்பில் பேசலாம் என்றால் பதிலே போடாதீர்கள். 2018இல் ஹமாஸ் ஆட்கள் இஸ்ரேல் வீரர்களிடம் பெண்கள் போலப் பேசி, டேட்டிங் செயலி என்று உளவுச் செயலியை இறக்க வைத்தார்கள். அந்தச் செயலிகள் கூகுள் பிளே ஸ்டோரிலேயே இருந்தன. ஸ்டோரில் இருக்கிறது என்பதற்காக நம்பிவிட முடியாது. வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியையும் அடிக்கடி திறந்து பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

“ஹெட் குவார்ட்டர்ஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் வீட்டுக்காரர் இப்போது எந்த இடத்தில் இருக்கிறார்?” என்று வீட்டுப் பெண்களுக்கே போன் செய்து கேட்பவர்களும் உண்டு. இந்தி பேசினாலும், அதட்டினாலும், உங்கள் வீட்டுக்காரர் பேர், ரேங்க் எல்லாம் சரியாகச் சொன்னாலும் இடத்தைச் சொல்லாதீர்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள யூனிட்டுக்கு உங்கள் உதவி தேவையில்லை. போனை வைத்துவிட்டு, அந்த நம்பரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அவர் பேசும்போது மறக்காமல் சொல்லுங்கள். யூனிட்டில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.